திரைக்குப் பின்னால் ஒரு பொய்ச்சுவர்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. வடசென்னையின் ஒற்றைத் திரை அரங்குகள் இப்படி ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாடியில் ஒரு அறையை ஒதுக்கி வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அமைத்துக்கொள்ளும் ஆசை வளர்ந்துவருகிறது. புரொஜெக்டர் வாங்கியாயிற்று, ஸ்பீக்கர் செட் வந்துவிட்டது, அடுத்து யாராவது ஒருவர் சொல்வார்: "முன்னாடி ஒரு ஃபால்ஸ் வால் போட்டுடு, சவுண்டு சும்மா அதிரும்." இன்டீரியர் வேலைக்காரர் வருவார், டேப் வைத்து அளப்பார், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார்.

சதுர அடிக் கணக்கில்தான் கோளாறு தொடங்குகிறது. பொய்ச்சுவர் என்ன செய்யும் என்பது அதன் பரப்பைவிட எடையையும் ஆழத்தையும், உள்ளே என்ன திணித்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அந்த மூன்றும் கொட்டேஷனில் வராது.

இது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். மௌனப் படம் பேசத் தொடங்கியபோது ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. திரைக்குப் பக்கத்தில் வைத்தால் கதாநாயகன் நடுவில் நின்று வாயசைக்க, குரல் ஓரத்திலிருந்து வருகிறது. பின்னால் வைத்தால் துணி ஒலியை மறைக்கிறது. 1920-களில் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் ஸ்போனபிள் திரையெங்கும் சிறு துளைகள் இட்டு அந்தச் சிக்கலைத் தீர்த்தார். இன்றைக்கும் அரங்கத் திரைக்கு அருகில் போய் நின்றால் ஊசிக்கண் போன்ற துளைகள் தெரியும். அவற்றின் வழியேதான் வசனம் வருகிறது.

ஆனால் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள் வெறும் மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தன. 1983-இல் லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தின் டாம்லின்சன் ஹோல்மன் டி.எச்.எக்ஸ். என்ற திரையரங்க ஒலித் தரமுறையை உருவாக்கியபோது, ஸ்பீக்கர்களைச் சுற்றிக் கனமான பலகைச் சுவர் எழுப்பி, அவற்றின் முகம் சுவரோடு சமமாக இருக்கும்படி பதிக்கச் சொன்னார். பேஃபில் சுவர் என்பது அதன் பெயர். வீட்டு சினிமாக்காரர்கள் இன்று ஆசைப்படும் ஃபால்ஸ் வால் அதன் பேரப்பிள்ளை.

ஏன் பதிக்க வேண்டும்? உச்சஸ்தாயி ஒலி, டார்ச் வெளிச்சம் மாதிரி முன்னோக்கியே போகும். அடிஸ்தாயி ஒலி அப்படியல்ல. அதன் அலைநீளம் ஸ்பீக்கர் பெட்டியைவிடப் பெரியது என்பதால் பெட்டியைச் சுற்றி வளைந்து பின்னாலும் போகும். பின்சுவரில் மோதித் திரும்பி வரும்போது, நேராக வந்த அலையோடு சேர்கிறது. திரும்பி வந்தது சரியாக அரை அலை தாமதமாக வந்தால் ஒன்று மேலே தள்ள மற்றொன்று கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கணக்கு எளிது. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருந்தால், போய் வரும் தூரம் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் அரை அலையாக அமைவது 2 மீட்டர் அலைநீளத்துக்கு. நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. ஆக ஏறத்தாழ 173 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் உட்கார்ந்திருப்பது அந்த வட்டாரத்தில்தான். வில்லன் உறுமுகிறான், உறுமலின் நெஞ்சைக் காணோம். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய ஸ்பீக்கர் மேல் பழி விழுகிறது.

ஸ்பீக்கரைச் சுவரில் பதித்துவிட்டால் ஒலி பின்னால் போக வழியில்லை, பள்ளமும் இல்லை. நாலாபக்கமும் சிதறிய அடி ஒலி முழுக்க முன்னோக்கித் திரும்புவதால் அதிகபட்சம் 6 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். அதே அளவு பேஸ் ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரின் கால்வாசி சக்தி போதும் என்று பொருள். அந்தக் கூடுதலை ஆம்ப்ளிஃபயரின் அமைப்பில் கொஞ்சம் குறைத்துச் சமன்செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் 'டம் டம்' என்றிருக்கும். முதுகில் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கரை இப்படிப் பதிக்கக்கூடாது என்பதையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். மூடிய பெட்டி அல்லது முகத்தில் துளையுள்ள பெட்டி சரி.

இனி நம் அறைக்கு வருவோம். 10 அடி அகலம், 15 அடி நீளம், 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். ராயபுரத்து வீட்டில் இதைவிடப் பெரிய அறையை சினிமாவுக்கு விட்டுக்கொடுக்க மனசு வராது.

இந்த அறையில் ஃபால்ஸ் வால் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. கனமான பலகைச் சுவரில் ஸ்பீக்கரைப் பதிப்பது ஒன்று. மரச்சட்டத்தில் கறுப்புத் துணி இழுத்துக் கட்டி, ஒலி ஊடுருவும் திரையை அதில் மாட்டி, ஸ்பீக்கரைப் பின்னால் மறைத்து வைப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் ஊரெங்கும் நடப்பது: இருக்கும் சுவர் மேல் ஓர் அங்குல ரீப்பர் அடித்து, அதன் மேல் ஒற்றை ஜிப்சம் போர்டோ பி.வி.சி. பேனலோ ஒட்டி, எல்.இ.டி. பட்டை ஓடவிடுவது. பார்க்க ஜோராக இருக்கும். ஒலிக்கு இதைப் போலக் கெடுதல் வேறில்லை.

காரணம் இது. மெல்லிய பலகை, பின்னால் அடைபட்ட மெல்லிய காற்று. சட்டிமேளத்தின் தோலும் உள்காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் அதிர்வதைப் போல இதுவும் தனக்கென்று ஒரு சுருதி வைத்துக்கொள்ளும். சதுர மீட்டருக்கு எட்டரை கிலோ எடையுள்ள போர்டு, பின்னால் 25 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அந்தச் சுருதி 130 ஹெர்ட்ஸ் அருகில் வரும். படத்தின் இசையிலும் வெடிச்சத்தத்திலும் அந்த ஒலி வரும்போதெல்லாம் சுவர் தானும் சேர்ந்து பாடும். ஒலியைத் தடுப்பதற்குப் பதில், அந்த ஒரு ஸ்தாயியில் பக்கத்து வீட்டுக்கு முன்பைவிட அதிகமாகக் கடத்தும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: 'டொப்' என்று ஒரு சுருதி கேட்டால் அது சுவரல்ல, வாத்தியம். அதே இடத்தில் இரட்டைப் போர்டும் 100 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ளே ராக்வூல் என்ற பாறைக் கம்பளியும் இருந்தால் சுருதி 45 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். அதற்கு மேல் உள்ளதை ஓரளவு நன்றாகத் தடுக்கும். எடையும் ஆழமும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பக்கத்து வீட்டைப் பற்றி இன்னொன்று. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. பல வீடுகளுக்குப் பொதுச்சுவர். அந்தப் பொதுச்சுவர் பெரும்பாலும் அறையின் நீளப் பக்கத்தில் இருக்கும். திரைப் பக்கம் என்னதான் பிரமாதமாகச் சுவர் கட்டினாலும் பக்கவாட்டுச் சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் ஒலி போய்க்கொண்டேதான் இருக்கும். முன்சுவர் போட்டால் சவுண்ட் புரூஃப் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவின் நான்கு ஓரத்துக்கும் ரப்பர் பட்டை, அடியில் விழும் சீல், கனமான பலகைக் கதவு: இந்தச் செலவு முன்சுவரைவிட அண்டைவீட்டு நட்பைக் காப்பாற்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். ஸப்வூஃபரைத் தரையில் நேரடியாக வைக்காமல் தடித்த ரப்பர் மேல் வைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் நிம்மதி.

நம் அறையிலிருந்து போகும் சத்தம் இருக்கட்டும், உள்ளே வரும் சத்தம் என்ன? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் உறுமிக்கொண்டு நின்றால், நொடிக்கு 30 முறை வெடிக்கிறது; அதாவது 30 ஹெர்ட்ஸ். நம் 15 அடி நீள அறை தானாகவே தூக்கிவிடும் முதல் ஒலி 38 ஹெர்ட்ஸ். லாரிக்காரர் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு 750 சுற்றுக்கு ஏற்றினால் சரியாக அந்த இடத்துக்கு வந்துவிடும், அறை அதைப் பெருக்கிக் கொடுக்கும். வீட்டு பட்ஜெட்டில் கட்டும் எந்தப் பொய்ச்சுவரும் 30 ஹெர்ட்ஸை நிறுத்தாது. அந்த அலையின் நீளம் 11 மீட்டருக்கு மேல். ஆகவே சாலையைப் பார்த்த அறையை விட்டுவிட்டு உள்பக்க அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இருப்பதிலேயே மலிவான ஒலித்தடுப்பு. அது முடியாவிட்டால், திரை வரப்போகும் சுவரில் ஜன்னல் இருந்தால் பொய்ச்சுவரால் மூடி மறைக்காமல் செங்கல் வைத்துக் கட்டி அடைத்துவிடுங்கள். 30 ஹெர்ட்ஸ் நிற்காது, ஹாரன் நிற்கும்.

ஜன்னலை அடைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஈரம். கடலோரச் சென்னையில் கோடையில் காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகக் கசியும். ஏ.சி.யை 22-இல் வைத்துப் படம் பார்க்கிறீர்கள். பொய்ச்சுவரின் பின்பக்கமும் குளிர்ந்துவிடுகிறது. பழைய ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று அந்த இருட்டு இடைவெளிக்குள் வந்தால் வியர்க்கும். ஒரு பருவத்திலேயே பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். வெளிக்காற்று வரும் வழியை அடைத்து, உள் இடைவெளி அறைக் காற்றோடு மூச்சுவிடும்படி அமைப்பதுதான் சரி. துணிச்சுவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் உடம்பெல்லாம் மூச்சுத் துளைதான்.

கூடவே உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். காசிமேட்டில் எத்தனை இரவுகளில் அந்த அளவுக்கும் கீழே இறங்குகிறது? மழையே இல்லாவிட்டாலும் ஆணித்தலையில் படிந்த உப்புத் தூசி நனைந்து துருவைத் தொடங்கிவைக்கும். கடலோர வீட்டு ஃபால்ஸ் சீலிங்கை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெள்ளை எமல்ஷனில் வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில், மிளகளவு பழுப்புப் புள்ளிகள். போர்டு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவின் துரு, புட்டியையும் இரண்டு கோட் பெயின்டையும் ஊடுருவி வெளியே வந்திருக்கிறது. இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ ஆடம்பரமல்ல. ஜி.ஐ. சேனல் போடுவதானால் வெட்டிய முனைகளில் துத்தநாகப் பூச்சு இருக்காது; அங்கே துத்தநாக பெயின்ட் தடவச் சொல்லுங்கள். தச்சர் சிரிப்பார், பரவாயில்லை.

பலகையில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளைவுட் நல்லது, ஐ.எஸ். 303-இல் வாங்கினால் பி.டபிள்யூ.ஆர். ரகம் என்று பார்த்து வாங்க வேண்டும். எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் பன்னாகிவிடும். இந்தப் பக்கத்தில் இன்னொரு ஆசை வரும்: கன்டெய்னரின் தரைப் பலகை. 28 மில்லிமீட்டர் தடிமன், நல்ல கனம், பேஃபில் சுவருக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பழைய பலகை எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கப்பலில் பூச்சி பரவாமல் இருக்க அந்தப் பலகைகளில் பூச்சிக்கொல்லி ஏற்றியிருப்பார்கள். கன்டெய்னருக்குள் என்னென்ன ரசாயனம் கொட்டியிருக்கும் என்பதும் தெரியாது. ஏ.சி. போட்டு மூடிய அறையில் குழந்தைகளோடு உட்கார்ந்து மூன்று மணி நேரம் அதைச் சுவாசிக்க வேண்டாம்.

ராக்வூல் விஷயத்தில் மட்டும் வடசென்னைக்கு ஒரு வசதி. எரிமலைப் பாறையை உருக்கி நூலாக்கிய இந்தக் கம்பளியை அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்கும், சுத்திகரிப்பு ஆலையின் நீராவிக் குழாய்க்கும் சுற்றுவார்கள். அத்திப்பட்டிலும் மணலியிலும் லாகிங் வேலை பார்த்தவர்களுக்கு இது கை பழகிய சரக்கு. எங்கே கிடைக்கும், எப்படி வெட்டுவது, ஏன் முகமூடி கட்ட வேண்டும் என்பதெல்லாம் இன்டீரியர்காரரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குழாய்க்குச் சுற்றும் ரகம் நெருக்கமானது. ஒலிக்கு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். நார் வெளியே பறக்காதபடி மெல்லிய துணியில் உறையிட்டுத்தான் வைக்க வேண்டும். முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக விற்கும் ஸ்பாஞ்சு மேல்ஸ்தாயியைத் தவிர எதையும் தொடாது. அதற்குப் போகும் காசு வீண்.

இப்போது பட்ஜெட். விலை மாதத்துக்கு ஒரு தரம் மாறும், கடைக்குக் கடை மாறும், அளவு மாறாது. ஆகவே அளவைக் கையில் வைத்துக்கொண்டு கடை விலையால் பெருக்கிக்கொள்வதுதான் புத்தி. நம் முன்சுவர் 10-க்கு 9, அதாவது 90 சதுர அடி. பேஃபில் சுவர் என்றால் 8-க்கு 4 ப்ளைவுட் ஓர் அடுக்குக்கு மூன்று ஷீட், இரண்டு அடுக்குக்கு ஆறு. 3-க்கு 2 அங்குல மரச்சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால் குறுக்குக் கட்டைகளோடு 120 ஓடும் அடி, தச்சர் கணக்கில் 5 கன அடி. 50 மில்லிமீட்டர் ராக்வூல் இரண்டு அடுக்கு, 180 சதுர அடி. கறுப்புத் துணி 110 சதுர அடி. ஸ்டீல் ஸ்க்ரூ, சந்துகளை அடைக்கும் சீலன்ட், ஸ்பீக்கர் வயருக்கும் எச்.டி.எம்.ஐ.க்கும் தனித்தனிக் குழாய், எர்த்தோடு பிளக் பாயின்ட். பின்னால் ஒரு வயர் அறுந்தால் சுவரைப் பிரிக்காமல் கை நுழைக்க ஒரு கழற்றும் பலகை. மொத்தத்தில் 15 விழுக்காடு கைக்காவலாக ஒதுக்குங்கள். சுவர் நேராக இல்லை என்பது சட்டம் நிறுத்தும் அன்றுதான் தெரியும்.

கொட்டேஷனில் வராத செலவு இரண்டு. ஒன்று இடம். ஸ்பீக்கரின் ஆழம் ஓர் அடி, திரைக்கும் அதற்கும் நடுவே மூன்று நான்கு அங்குலம்; ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றரை அடி போய்விடும். 10 அடி அகலத்தில் அது பன்னிரண்டரை சதுர அடிக்குக் குறையாது. ராயபுரத்தில் சதுர அடி என்ன விலை என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். இன்னொன்று எடை. இரண்டு அடுக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் மட்டும் 200 கிலோ. சட்டம், ராக்வூல், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். குடியிருப்பு அறையின் தளத்துக்கு இந்தியத் தரமுறை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. காங்கிரீட் தளத்தில் பீம் மேல் வரும்படி சுவர் நின்றால் கவலையில்லை. மரத்துலாம் மேல் செங்கல் நிறுத்தி சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

தரைத்தளத்தில் கட்டுபவர்களுக்கு எடைக் கவலை இல்லை, வெள்ளக் கவலை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எர்ணாவூர் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். சட்டத்தின் அடிக்கட்டையைச் செங்கல் வரிசை மேல் ஏற்றி, கீழ் ஓரடியை சிமென்ட் ஃபைபர் போர்டில் செய்து, பிளக் பாயின்ட்டை இடுப்புயரத்தில் வைப்பது நல்லது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 10-க்கு 15 மாடி அறைக்கு நான் துணிச்சுவரைத்தான் சொல்வேன். ஆறு ஷீட் ப்ளைவுட் மிச்சம், 200 கிலோ மிச்சம், வாடகை வீட்டில் இருப்பவர் கழற்றிக்கொண்டும் போகலாம். அப்படியானால் அந்த 173 ஹெர்ட்ஸ் பள்ளம்? அதற்கும் வழி உண்டு. ஆழம் குறைந்த ஸ்பீக்கராக வாங்கிப் பின்சுவரை ஒட்டி வைத்தால் முகம் 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் 100 மில்லிமீட்டர் ராக்வூல் நன்றாகவே உறிஞ்சும். பின்சுவர் முழுக்க அதை நிரப்பிவிட்டால் திரும்பி வரும் அலை நோஞ்சானாகிவிடும். பேஃபில் சுவரின் பலன் முழுதாக வராது, பெரும்பகுதி வரும். ஒலியைப் பொறுத்தவரை அறையின் நீளமும் குறையாது. அடி ஒலிக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை, அது பழைய 15 அடியைத்தான் பார்க்கும்.

8 அடி அகலத் திரை இந்தச் சுவரில் தாராளமாக நிற்கும். மூலைவிட்டம் 110 அங்குலம். நெய்த திரையா துளையிட்ட திரையா என்று கேட்டால், பத்தடி தூரத்தில் உட்காரும் வீட்டுக்கு நெய்ததே மேல். அவ்வளவு பக்கத்தில் துளை கண்ணில் படும். திரைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பாக இருக்கட்டும். ஊடுருவிய வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினால் படம் வெளிறும். ஸ்பீக்கரில் எரியும் சின்ன நீல விளக்கின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் வேலைக்காரரிடம் நான்கே கேள்வி கேளுங்கள்: பழைய சுவருக்கும் பொய்ச்சுவருக்கும் இடைவெளி எத்தனை அங்குலம், பலகையின் எடை சதுர அடிக்கு எவ்வளவு, உள்ளே எந்த அடர்த்தி ராக்வூல், ஸ்க்ரூ என்ன உலோகம். நான்குக்கும் பதிலைத் தாளில் எழுதித் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். சதுர அடி விலை மட்டும் சொல்பவரிடம் சமையலறைக்கு அலமாரி செய்யச் சொல்லலாம்.